எல்லையில் நிற்கும் குழந்தைக்கு யார் பொறுப்பு? குழந்தைகளையும் அகதிகளையும் காக்கும் சர்வதேசச் சட்டம்: ஓர் எளிய அறிமுகம்

2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், காங்கோவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் தாய்மாமனுடன் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் வந்திறங்கினாள். அவளுடைய தாய் அதற்கு முந்தைய ஆண்டிலேயே கனடாவில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தார்; குழந்தையைத் தாயிடம் கொண்டு சேர்ப்பதே அந்தப் பயணத்தின் நோக்கம். ஆனால் சிறுமியிடம் பயணத்துக்குத் தேவையான ஆவணங்கள் இல்லை. நெதர்லாந்துக் குடியுரிமை பெற்றிருந்த மாமன் தன் நாட்டுக்குத் திரும்பிவிட, சிறுமி மட்டும், அனுமதியின்றி வந்த பெரியவர்களைத் தடுத்து வைக்கும் மையத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வைக்கப்பட்டாள். அவளை அங்கே வைத்திருப்பது குழந்தை உரிமைகள் உடன்படிக்கைக்கு முரணானது, உடனே விடுவிக்க வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம் அக்டோபர் 16ஆம் நாள் ஆணையிட்டது. மறுநாள் அவள் விமானத்தில் ஏற்றப்பட்டு, காங்கோவின் தலைநகரான கின்ஷாசாவுக்கு உறவினர் துணையின்றி அனுப்பப்பட்டாள். அங்கே அவளை அழைத்துச் செல்லக் குடும்பத்தினர் எவரும் காத்திருக்கவில்லை.

அந்தச் சிறுமியின் கோப்பைப் பார்த்த அதிகாரிகளின் முன் இரண்டு சட்டங்கள் இருந்தன. குடியேற்றச் சட்டத்தின் பார்வையில் அவள் ஆவணமின்றி வந்த அயல்நாட்டவர். அப்படி வருபவரைத் தடுத்து வைக்கவும் திருப்பி அனுப்பவும் நாட்டுக்கு அதிகாரம் உண்டு. குழந்தை உரிமைச் சட்டத்தின் பார்வையில் அவள் பெற்றோர் அருகில் இல்லாத ஐந்து வயதுக் குழந்தை. அவளைப் பாதுகாக்கும் கடமை அதே நாட்டுக்கு உண்டு. இரண்டில் எது முந்த வேண்டும் என்ற கேள்விதான், கடந்த நூறு ஆண்டுகளில் உருவான உடன்படிக்கைகளுக்கும் அமைப்புகளுக்கும் அடியில் ஓடுகிறது. அவற்றின் பெயர்கள் செய்திகளில் அடிக்கடி அடிபடுகின்றன. ஆனால் எது எதைச் செய்கிறது, எதைச் செய்ய இயலாது என்பது பலருக்கும் தெளிவாக இருப்பதில்லை. அதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நாடு கைவிட்டவருக்கு ஒரு தாள்

ஒருவருடைய வீட்டைப் பிறர் பறித்துக்கொண்டால் அவர் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஏனெனில் அவருக்குப் பின்னால் ஓர் அரசு இருக்கிறது. அந்த அரசே அவரை விரட்டினால், அல்லது விரட்டுவோரைத் தடுக்க முடியாமல் நின்றால், அவர் எங்கே போவார்? முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கேள்வி பெருந்திரளான மக்களின் நடைமுறைச் சிக்கலாகவே மாறியது. ரஷ்யப் புரட்சியையும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரையும் விட்டு வெளியேறிய லட்சக்கணக்கானோரின் குடியுரிமையை 1921ஆம் ஆண்டு இறுதியில் சோவியத் அரசு பறித்தது. கடவுச்சீட்டு இல்லாத அவர்கள், இருந்த நாட்டில் வேலை செய்யவும் முடியாமல் அடுத்த நாட்டுக்குப் போகவும் முடியாமல் தவித்தார்கள்.

ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான, அன்றைய சர்வதேசச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) 1921இல் நார்வே நாட்டின் துருவப் பயணியான ஃப்ரிட்யோஃப் நான்சென் என்பவரை அகதிகளுக்கான உயர் ஆணையராக நியமித்தது. அவர் கண்டுபிடித்த தீர்வு மிக எளிமையானது: ஒரு தாள். 'நான்சென் கடவுச்சீட்டு' என்று பெயர் பெற்ற அந்த அடையாளச் சான்றிதழ் 1922இல் வழங்கப்படத் தொடங்கியது. 50க்கும் மேற்பட்ட அரசுகள் காலப்போக்கில் அதை ஏற்றுக்கொண்டன. ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் அதைப் பெற்றார்கள். அது யாருக்கும் குடியுரிமை அளிக்கவில்லை. இன்னார் என்று சொல்லிக்கொள்ளவும் எல்லையைக் கடக்கவும் உதவியது, அவ்வளவே. ஆயினும் அகதியின் முதல் தேவை உணவும் கூடாரமும் மட்டுமே என்று எண்ணும் பழக்கம் இன்றும் இருப்பதால், நான்சென் தொடங்கிய இடத்தைக் கவனிப்பது நல்லது. சட்டத்தின் முன் ஓர் ஆளாக நிற்க முடியாதவருக்கு மற்ற எந்த உதவியும் நெடுநாள் நிலைப்பதில்லை.

தாள் மட்டும் போதாது என்பதை 1938 காட்டியது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்ப முயன்ற யூதர்களைப் பற்றி விவாதிக்க அந்த ஆண்டு ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடின. இரக்கம் தெரிவிக்காத நாடு அநேகமாக இல்லை. கதவைத் திறக்க முன்வந்ததும் அநேகமாக இல்லை. அதே ஆண்டின் இறுதியிலிருந்து போர் தொடங்கும் வரை பிரிட்டன் ஏறத்தாழ 10,000 குழந்தைகளை மட்டும் ஏற்றுக்கொண்டது. பெற்றோருக்கு அனுமதி இல்லை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் தம் பெற்றோரை மீண்டும் காணவில்லை. உயிர் காத்த பெருஞ்செயல்தான் அது. ஆனால் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்ற நிலையில் கிடைத்த உதவி, குழந்தையையும் தாயையும் இரண்டாகப் பிரித்தே ஏற்றது.

அகதி என்பவர் யார்?

இன்றைய அகதிச் சட்டத்தின் அடித்தளம், 1951 ஜூலை 28 அன்று ஜெனீவாவில் ஏற்கப்பட்ட அகதிகளின் நிலை குறித்த உடன்படிக்கை. இனம், சமயம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர், அந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவராகவோ பெற விரும்பாதவராகவோ இருந்தால், அவர் அகதி. இந்த வரையறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. அச்சம் மனத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் புறத்தே காரணமும் இருக்க வேண்டும். எல்லையைக் கடந்திருக்க வேண்டும். கடக்காதவர் எத்தனை துன்பத்தில் இருந்தாலும் இந்த உடன்படிக்கையின்படி அகதி ஆகமாட்டார். வறுமையால் மட்டும் பிழைப்புத் தேடிப் போகிறவரும் இதில் அடங்கமாட்டார். கொடிய போர்க்குற்றம் புரிந்தவர் அகதிப் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்றும் உடன்படிக்கை சொல்கிறது.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. ஓர் அரசு முத்திரை குத்திய நாளில்தான் ஒருவர் அகதியாகிறார் என்பது சரியன்று. வரையறைக்குப் பொருந்திய கணத்திலேயே அவர் அகதி, அரசு பின்னர் செய்வது அதை உறுதிப்படுத்துவது மட்டுமே. விசாரணை முடியும் வரை அவரைப் 'புகலிடக் கோரிக்கையாளர்' என்கிறோம். அந்த இடைக்காலத்தில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பிறகு கோரிக்கை உண்மையானது என்று கண்டால் பயனில்லை என்பதால், உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதாகக் கருதப்படுகிறது. உயிருக்கோ விடுதலைக்கோ ஆபத்து உள்ள எல்லைக்கு ஒருவரை எவ்வகையிலும் திருப்பி அனுப்பலாகாது என்பது அதன் சாரம். 'திருப்பி அனுப்பாமை' எனப்படும் இந்தக் கோட்பாடு, உடன்படிக்கையில் சேராத நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாகிவிட்டது என்பதே சட்ட அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்று, நடுக்கடலில் பிடித்தவர்களை லிபியாவுக்கே கொண்டுபோய் விட்ட இத்தாலியின் செயலைக் கண்டித்தது; கப்பலின் தளத்திலும் நாட்டின் கடமை தொடர்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் பொருள்.

31ஆம் பிரிவும் அறியத்தக்கது. ஆபத்திலிருந்து நேரே வந்து, தாமதமின்றித் தம்மை அதிகாரிகளிடம் ஒப்படைத்து, வந்த காரணத்தையும் விளக்குகிறவர்களை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது அது. கொலைக்குத் தப்பி ஓடுகிறவர் விசா வாங்கிக்கொண்டு ஓட முடியாது என்ற எளிய உண்மையை 1951லேயே அரசுகள் ஒப்புக்கொண்டிருந்தன என்பதை, இன்றைய விவாதங்களில் பலரும் நினைவுபடுத்துவதில்லை.

முதலில் இந்த உடன்படிக்கை, 1951 ஜனவரி 1க்கு முன் நடந்த நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. விரும்பிய நாடுகள் அதை ஐரோப்பிய நிகழ்வுகளோடு நிறுத்திக்கொள்ளவும் முடிந்தது. 'நெறிமுறை' எனப்படும் 1967ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தம் அந்தக் கால வரம்பை நீக்கியது. ஏறத்தாழ 150 நாடுகள் இவ்விரண்டில் ஒன்றிலாவது சேர்ந்துள்ளன. இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகியவை சேரவில்லை. ஆயினும் இவற்றுள் சில நாடுகள் பல தலைமுறைகளாக லட்சக்கணக்கானோருக்கு இடம் கொடுத்து வந்திருக்கின்றன. ஐந்து காரணங்களுக்குள் அடங்காத போர், அன்னிய ஆக்கிரமிப்பு, பொது ஒழுங்கின் சீர்குலைவு ஆகியவற்றால் ஓடுகிறவர்களையும் அகதிகள் என ஏற்றுக்கொண்டது 1969ஆம் ஆண்டின் ஆப்பிரிக்க உடன்படிக்கை. லத்தீன் அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் கார்த்தஹேனாப் பிரகடனம் அதே வழியில் சென்றது.

1951 உடன்படிக்கையின் பெரிய குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதை எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்த அகதி, அரசியல் கருத்துக்காக விரட்டப்பட்ட வயதுவந்த ஆண். குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியை உள்நாட்டவருக்கு இணையாக வழங்க வேண்டும் என்பது போன்ற ஓரிரு இடங்களைத் தவிர, குழந்தை அதில் தனி ஆளாகத் தோன்றுவதே இல்லை. கட்டாயமாக ஆயுதக் குழுவில் சேர்க்கப்படுவது, சிறுவயதுத் திருமணத்துக்கு உட்படுத்தப்படுவது போன்றவையும் துன்புறுத்தலே என்ற புரிதல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் வேரூன்றியது.

கடமையிலிருந்து உரிமைக்கு

குழந்தைகளின் பக்கத்துக் கதை வேறொரு வழியில் வந்தது. 1919இல் போர் முடிந்த பின்னும் தொடர்ந்த நேசநாடுகளின் முற்றுகையால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் வாடினர். அவர்களுடைய படங்களைத் தாங்கிய துண்டறிக்கைகளை லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்ததற்காக எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி கைதானார்; ஐந்து பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டது. எதிரி நாட்டுக் குழந்தைக்கு உணவு கேட்பது அன்று அத்தனை எளிதன்று. அவர் சகோதரியுடன் சேர்ந்து தொடங்கிய 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு இன்றும் இயங்குகிறது. அவர் வரைந்த ஐந்து அம்சப் பிரகடனத்தைச் சர்வதேசச் சங்கம் 1924இல் ஏற்றது. பசித்த குழந்தைக்கு உணவளிக்க வேண்டும், துன்பக் காலத்தில் முதலில் உதவி பெறவேண்டியது குழந்தையே என்றெல்லாம் அது பேசியது. ஆனால் அதில் குழந்தை பெறும் இடத்தில் இருந்தது. கேட்கும் இடத்தில் இல்லை. எந்த அரசையும் அது கட்டுப்படுத்தவும் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் 1959ஆம் ஆண்டுப் பிரகடனமும் அவ்வாறே.

குழந்தைகளுக்கென்று அரசுகளைக் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை வேண்டும் என 1978இல் முன்மொழிந்தது போலந்து. வார்சாவில் அநாதை இல்லம் நடத்தி, குழந்தைகளே நடத்தும் நீதிமன்றத்தை அங்கே ஏற்படுத்தி, 1942இல் தம்மிடம் இருந்த குழந்தைகளோடு திரெப்லிங்கா கொலை முகாமுக்குச் சென்ற மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்கின் நாடு அது. பனிப்போரின் இழுபறிகளுக்கிடையே பத்தாண்டுகள் நடந்த வரைவுப் பணியின் முடிவாக, 1989 நவம்பர் 20 அன்று குழந்தை உரிமைகள் உடன்படிக்கை நிறைவேறியது. 54 பிரிவுகள் கொண்ட அதில் இன்று 196 தரப்புகள் உறுப்பினர்களாக உள்ளன. மனித உரிமை உடன்படிக்கைகளில் இத்தனை பரவலாக ஏற்கப்பட்டது வேறில்லை. 1995இல் கையெழுத்திட்ட அமெரிக்கா மட்டும் இன்னும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. கையெழுத்து என்பது விருப்பம்; ஏற்புறுதி அளித்த பிறகே ஒரு நாடு சட்டப்படி கட்டுப்படும்.

இந்த உடன்படிக்கையின்படி 18 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொருவரும் குழந்தை. உள்நாட்டுச் சட்டம் முன்னதாகவே வயது வந்தவராகக் கருதினால் மட்டும் விலக்கு உண்டு. அகதிக் குழந்தையைப் பொறுத்தவரை இதன் உயிர்நாடி இரண்டாம் பிரிவு. அது 'குடிமக்களின் குழந்தைகள்' என்று சொல்லவில்லை. நாட்டின் ஆளுகைக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வகை வேறுபாடுமின்றி இந்த உரிமைகள் உண்டு என்கிறது. பெற்றோரின் விசா காலாவதியானதால் குழந்தையின் கல்வியுரிமை காலாவதியாவதில்லை. மூன்றாம் பிரிவு, குழந்தை தொடர்பான எல்லா முடிவுகளிலும் அதன் உயர்நலனே முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. ஏழாம் பிரிவு, பிறந்தவுடன் பதிவு செய்யப்படும் உரிமையைத் தருகிறது. தடுத்து வைத்தலைக் கடைசி வழியாக மட்டும், இயன்றவரை மிகக் குறுகிய காலத்துக்கே பயன்படுத்தலாம் என்கிறது 37ஆம் பிரிவு. குடியேற்றக் காரணங்களுக்காக ஒரு குழந்தையை ஒருபோதும் அடைத்து வைக்கலாகாது என்று இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2017இல் மேலும் தெளிவுபடுத்தியது. 22ஆம் பிரிவு அகதிக் குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்டது: பெற்றோருடன் வந்தாலும் தனியே வந்தாலும் குழந்தைக்குப் பாதுகாப்பும் மனிதாபிமான உதவியும் உண்டு, பெற்றோரைத் தேடிக் கண்டுபிடிக்க அரசுகள் ஒத்துழைக்க வேண்டும்.

பிறப்புப் பதிவு ஏன் இத்தனை பெரிய செய்தி என்று சிலர் கேட்கக்கூடும். தாய் தன் குடியுரிமையைத் தந்தைக்கு நிகராகக் குழந்தைக்கு அளிக்க முடியாத நாடுகள் இன்றும் 20க்கு மேல் உள்ளன. சிரியா அவற்றுள் ஒன்று. போரில் கணவரை இழந்து எல்லை கடந்த ஒரு சிரியத் தாய்க்கு அயல்நாட்டில் குழந்தை பிறந்தால், தந்தை யார் என்பதைக் காட்டும் ஆவணம் இல்லாதவரை, அந்தக் குழந்தை எந்த நாட்டுக்கும் உரியதாகாமல் போகும் ஆபத்து இருக்கிறது. நான்சென் தீர்க்க முயன்ற அதே சிக்கல், இம்முறை பிறந்த நாளிலேயே தொடங்குகிறது. 1954, 1961 ஆகிய ஆண்டுகளின் நாடற்றவர் உடன்படிக்கைகள் இதற்காகவே எழுதப்பட்டவை; ஆனால் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையைவிட அவற்றில் சேர்ந்த நாடுகள் குறைவு.

'உயர்நலன்' நடைமுறையில் எப்படி இருக்கும்?

கேட்க இனிமையான இந்தச் சொல் வெறும் சொல்லாக நின்றுவிடாமல் இருக்க, ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் அதை ஒரு நடைமுறையாக மாற்றியிருக்கிறது. எல்லையில் ஒரு குழந்தை காணப்பட்டால் முதலில் கேட்கப்படுவது, அது 'தனித்து வந்த' குழந்தையா, 'பிரிந்த' குழந்தையா என்பது. எந்தப் பெரியவரின் பொறுப்பிலும் இல்லாதது தனித்து வந்த குழந்தை. பெற்றோரை விட்டுப் பிரிந்து, பாட்டி அல்லது சித்தப்பா போன்ற உறவினருடன் இருப்பது பிரிந்த குழந்தை. இந்த வேறுபாடு அற்பமானதன்று. உறவினர் என்று சொல்லிக்கொள்பவர் உண்மையில் உறவினர்தானா, கடத்தல்காரரா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. உண்மையான உறவினரிடமிருந்து சந்தேகத்தின் பெயரால் குழந்தையைப் பிரித்துவிடாமலும் இருக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து ஒரு பாதுகாவலர் நியமிக்கப்பட வேண்டும். குழந்தையை எங்கே தங்க வைப்பது, வேறு நாட்டிலுள்ள உறவினரிடம் அனுப்பலாமா என்பது போன்ற பெரிய முடிவுகளை ஒரே அதிகாரி எடுக்காமல், குழந்தை நலனில் பயிற்சி பெற்ற சிலர் கூடிப் பேசி, எழுத்தில் காரணங்களைப் பதிவுசெய்து எடுக்க வேண்டும். குழந்தையின் கருத்தையும் அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் கேட்க வேண்டும். இது உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. கோர்ச்சாக்கின் சாயல் எங்கேனும் தெரிகிறது என்றால் அது இங்கேதான். பெற்றோரைத் தேடும் பணியில் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு.

எல்லாவற்றிலும் கசப்பான தகராறு வயதைப் பற்றியது. 17 வயது என்று சொல்பவனை அதிகாரி 19 என்று எழுதிவிட்டால், ஒரே பேனாக் கோட்டில் இந்தப் பாதுகாப்புகள் அனைத்தும் அவனைவிட்டு விலகிவிடுகின்றன. மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் முறை பல நாடுகளில் உள்ளது; ஆனால் அதில் ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாக இருக்க வாய்ப்பு அதிகம், அந்த ஓரிரு ஆண்டுகளே இங்கே கேள்வி. எனவே ஐயம் தீராதபோது குழந்தையாகவே கருத வேண்டும் என்று குழந்தை உரிமைக் குழு வலியுறுத்துகிறது. பெரியவர் ஒருவரைத் தவறுதலாகச் சிறுவர் விடுதியில் சேர்ப்பதிலும் ஆபத்து உண்டு என்போரின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. அதற்கு விடை கவனமான விசாரணையாக இருக்க முடியுமே தவிர, எல்லோரையும் பெரியவர் எனக் கொள்வதாக இருக்க முடியாது.

போர்க்களத்துக் குழந்தை

எல்லை கடப்பதற்கு முன் நடப்பதையும் சட்டம் தொட முயல்கிறது. மொசாம்பிக்கின் முன்னாள் கல்வி அமைச்சர் கிராசா மாஷேல் 1996இல் ஐ.நா.விடம் அளித்த அறிக்கை, போர்களில் குழந்தைகள் தற்செயலாக அடிபடுவதில்லை, பல சமயங்களில் வேண்டுமென்றே குறிவைக்கப்படுகிறார்கள் என்பதை உலகின் முன் வைத்தது. அதைத் தொடர்ந்து இதற்கென ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதி பதவி உருவானது. 2005இல் பாதுகாப்பு அவையின் 1612ஆம் தீர்மானம் ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டை நிறுவியது. கொல்லுதலும் உறுப்புச் சிதைத்தலும், படையில் சேர்த்தல், பாலியல் வன்முறை, கடத்தல், பள்ளிகள் மீதும் மருத்துவமனைகள் மீதும் தாக்குதல், உதவி சென்றடையாமல் தடுத்தல் ஆகிய ஆறு கொடுமீறல்களை அது சரிபார்த்துப் பதிவுசெய்கிறது. பொதுச்செயலாளரின் ஆண்டறிக்கையின் இணைப்பில், குற்றம் புரிந்த அரசுப் படைகளும் ஆயுதக் குழுக்களும் பெயர் சொல்லிப் பட்டியலிடப்படுகின்றன. பட்டியலிலிருந்து நீங்க விரும்புகிறவர்கள் ஐ.நா.வுடன் செயல்திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டுக் குழந்தைகளை விடுவிக்க வேண்டும். வெட்கப்படுத்துவது ஓர் ஆயுதமா என்று ஏளனம் செய்வோர் உண்டு. அனைத்துலக அங்கீகாரத்தை நாடும் தரப்புகளிடம் அது பலித்திருக்கிறது, நாடாதவற்றிடம் பலிக்கவில்லை.

1989 உடன்படிக்கை படையில் சேர்க்கும் வயதை 15 என்றே விட்டுவைத்திருந்தது. அந்தப் பலவீனத்தை, விரும்பும் நாடுகள் மட்டும் சேரும் துணை ஒப்பந்தமான 2000ஆம் ஆண்டின் விருப்ப நெறிமுறை சரிசெய்து, 18 வயதுக்கு உட்பட்டோரைக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது, அரசு சாராத ஆயுதக் குழுக்கள் அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றது. 15 வயதுக்கு உட்பட்டோரைச் சேர்ப்பதும் சண்டையில் ஈடுபடுத்துவதும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டப்படி போர்க்குற்றம். 2012இல் அந்த நீதிமன்றம் வழங்கிய முதல் தீர்ப்பே இக்குற்றத்துக்காகத்தான்: காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்காவுக்கு 14 ஆண்டுச் சிறை. துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமல்லாமல், சமையலுக்கும் சுமை தூக்கவும் தூது செல்லவும் பயன்படுத்தப்பட்ட சிறுவர் சிறுமியரும் இந்தக் கணக்கில் வர வேண்டும், அவர்களைக் குற்றவாளிகளாக அன்றிப் பாதிக்கப்பட்டவர்களாகவே முதலில் நடத்த வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டின் பாரிஸ் கோட்பாடுகளின் நிலை.

யார் செய்கிறார்கள், யார் பணம் தருகிறார்கள்?

உயர் ஆணையர் அலுவலகம் 1950 டிசம்பரில் மூன்றே ஆண்டுகளுக்கு என்று தோற்றுவிக்கப்பட்டது. அகதிகள் பிரச்சினை அதற்குள் தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். நீட்டித்து நீட்டித்து, 2003இல்தான் ஐ.நா. பொதுச்சபை அதன் கால வரம்பை நீக்கியது. 1946இல் தொடங்கிய யுனிசெஃப் குழந்தைகளின் உடல்நலம், கல்வி, பாதுகாப்பு ஆகியவற்றைக் கவனிக்கிறது. பாலஸ்தீன அகதிகளுக்கு மட்டும் 1949இல் உருவான தனி அமைப்பு உள்ளது.

2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் 12.32 கோடிப் பேர் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தோராக இருந்தனர் என்கிறது உயர் ஆணையர் அலுவலகம். அவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் குழந்தைகள். உலக மக்கள்தொகையில் குழந்தைகளின் பங்கோ 30 விழுக்காட்டை ஒட்டியதே. மொத்தத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் எல்லை கடக்காமல் தம் நாட்டுக்குள்ளேயே சிதறிக் கிடப்பவர்கள். அவர்களுக்கு 1951 உடன்படிக்கை பொருந்தாது. 1998ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டுக் கோட்பாடுகளும், ஆப்பிரிக்காவில் 2009ஆம் ஆண்டின் கம்பாலா உடன்படிக்கையுமே துணை. எல்லை கடந்தவர்களிலும் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் வாழ்வது குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில். பெரும்பாலோர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். அகதிகள் அனைவரும் செல்வ நாடுகளை நோக்கியே படையெடுக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

அமைப்புகளின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அவற்றின் எல்லையும் தெரிந்துவிடும். உயர் ஆணையர் அலுவலகத்துக்கு ஐ.நா.வின் வழக்கமான நிதியிலிருந்து கிடைப்பது மிகச் சிறு பங்கு. மற்றதெல்லாம் அரசுகளும் தனியாரும் விரும்பிக் கொடுப்பது. கொடுப்பவர் மனம் மாறினால் முகாமில் தட்டு காலியாகும் என்பது மிகைப்பேச்சன்று. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் உள்ள ரோஹிங்யா அகதிகளுக்கு உலக உணவுத் திட்டம் அளித்துவந்த மாத உதவி, நிதிப் பற்றாக்குறையால் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவருக்கு 12 டாலராக இருந்தது, மார்ச்சில் 10 ஆகவும் ஜூனில் 8 ஆகவும் குறைந்தது. உரிமை நிலையானதாகவும் அதற்கான நிதி நன்கொடையாகவும் இருப்பது இந்த ஏற்பாட்டின் ஆழமான முரண். 2018ஆம் ஆண்டின் அகதிகளுக்கான உலகளாவிய உடன்பாடு சுமையைப் பகிர்ந்துகொள்ளும்படி கேட்கிறது. கேட்க மட்டுமே செய்கிறது, ஏனெனில் அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. மூன்றாவது நாட்டில் குடியமர்த்தப்படும் வாய்ப்பு ஆண்டுதோறும் உலக அகதிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் கிடைப்பதில்லை.

மீறினால் என்ன ஆகும்?

இந்த உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சர்வதேசக் காவல்துறை எதுவும் இல்லை. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு, முதலில் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும் பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் அறிக்கை அளிக்க வேண்டும். 18 வல்லுநர்களைக் கொண்ட குழு அதைக் கேள்விகேட்டுப் பரிந்துரைகளை வெளியிடும். தொண்டு நிறுவனங்கள் அளிக்கும் மாற்று அறிக்கைகளையும் அக்குழு படிக்கும். 2014இல் நடைமுறைக்கு வந்த மூன்றாவது விருப்ப நெறிமுறையின் கீழ், அதை ஏற்ற நாட்டுக்கு எதிராகக் குழந்தைகளே குழுவிடம் முறையிடவும் முடியும். மாலியிலிருந்து தனித்து வந்து, வட ஆப்பிரிக்காவில் ஸ்பெயினின் ஆளுகையில் உள்ள மெலியா நகரின் எல்லை வேலியில் எந்த விசாரணையுமின்றி மொராக்கோவுக்குத் திருப்பித் தள்ளப்பட்ட சிறுவன் ஒருவன் தொடுத்த முறையீட்டில், ஸ்பெயின் உடன்படிக்கையை மீறியது என்று அக்குழு 2019இல் முடிவு செய்தது.

தொடக்கத்தில் கண்ட காங்கோச் சிறுமியின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றது. அவள் எந்த நாட்டவள், எவ்வாறு நுழைந்தாள் என்பதைவிட, அவள் மிகவும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய குழந்தை என்ற உண்மையே முந்த வேண்டும் என்று அந்த நீதிமன்றம் 2006 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அவளைத் தடுத்து வைத்ததும் தனியாக நாடு கடத்தியதும் மனிதத்தன்மையற்ற நடத்தை என்றும், தாய் அனுபவித்த வேதனையும் உரிமை மீறலே என்றும் கூறியது. சிறுமி அதற்கு நெடுநாள் முன்பே, 2002 அக்டோபர் இறுதியில், பெல்ஜியம், கனடா ஆகிய இரு நாட்டுப் பிரதமர்களின் தலையீட்டுக்குப் பிறகு கனடாவில் தன் தாயிடம் சேர்ந்திருந்தாள். தனித்து வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாதுகாவலரை நியமிக்கும் சட்டத்தை பெல்ஜியம் 2002 டிசம்பரில் இயற்றியது. அது 2004இல் நடைமுறைக்கு வந்தது.